பத்தொன்பதாவது மீன் நோட்டு

ஆற்றங்கரைத் தெரு,
சுசீந்திரம் வழி.
23.1.2025

அன்புள்ள தம்பி கிருஷ்ணனுக்கு அக்கா அழகியநாயகி எழுதுவது.

நேற்றுக் காலை பதினொன்றரைக்குப் பஞ்சாயத்து மண்டபத்தில், தடுப்பணைக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இருந்தவர்கள்: மேடையில் அரசு அதிகாரிகள் ஐந்து பேர், வாசலில் போலீஸ் இரண்டு பேர், குமாரதாஸோடு சேர்த்து விவசாயிகள் முப்பத்தொரு பேர், டீ கொண்டுவந்த ஆள் ஒருவர், மீனுக்காகப் பேசப் போனவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேர் யாரென்றால், காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற எபிசன் சார், மணக்குடியில் இருந்து மீன் கொண்டுவந்து விற்கிற பூங்கனி, நான். ஆக நாற்பத்திரண்டு. ஊரே திரண்டுவந்து தடுப்பணையை வரவேற்றது என்று பேப்பரில் வந்தாலும் வரும். உனக்காவது சரியான எண்ணிக்கை தெரிந்திருக்கட்டும்.

பொங்கலன்று போனில் நான் கேட்டதற்கு நீ பாதியிலேயே வைத்துவிட்டாய். அதை மறுபடி கேட்க இதை எழுதவில்லை. நேற்று அங்கே உன் பெயரை நான் எடுக்கவும் இல்லை.

சுவரில் அணையின் படத்தை ஒட்டியிருந்தார்கள். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே சுவர், நடுவில் ஆறு ஷட்டர். உப்புத்தண்ணீர் மேலே ஏறாது. கழிமுகத்தில் இருந்து வருகிற எதுவுமே ஏறாது. எபிசன் சார் எழுந்து, மழைக்காலத்தில் கடலில் இருந்து ஆற்றுக்குள் ஏறுகிற மீன்கள் உண்டு, அவற்றுக்கு ஒரு வழி விட்டுக் கட்டுங்கள் என்றார். பெரிய அதிகாரி கையில் இருந்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, இந்த ஆற்றில் அப்படி மீன் ஏறுவதற்கு ஆதாரம் எதுவும் பதிவாகவில்லை என்று வாசித்தார்.

நான் எழுந்து, பதிவு என்னிடம் இருக்கிறது என்றேன். அத்தான் போனபிறகு, கொல்லம் ஆண்டு 1182, அதாவது 2006, ஆவணி ஒன்றாம் தேதியில் இருந்து, படித்துறையில் குளித்து மீனுக்குச் சோறு போடுகிற ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன் என்றேன். வருஷத்துக்கு ஒரு நோட்டு, இந்த வருஷத்தோடு பத்தொன்பது. அன்றைக்குப் படித்துறையில் யார் யார் இருந்தார்கள், தண்ணீர் எத்தனை படி, என்ன மீன் வந்தது என்று எழுதுவேன் என்றேன்.

பின்னால் இருந்து ஒருத்தன், "சைவக்காரம்மைக்கு மீன் கணக்கு என்னத்துக்கு? கொளம்பு வைக்கவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கனி விடவில்லை. "அவிய கொளம்பு வைக்கல. நீ இத்தன வருசம் வச்சுத் தின்னியே, ஒரு நாளாவது எண்ணிப் பாத்தியாலே?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். போலீஸ்காரியும் சிரித்தாள்.

குமாரதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "எக்கா, ஒங்களுக்கு ஆறு இனிச்சுக் கெடக்கு. எங்க தென்ன விளையில கெணத்துத் தண்ணிய ஒருக்கா வாயில வச்சுப் பாத்தியளா? கடலாக்கும். தென்னையெல்லாம் மண்டை காஞ்சு நிக்கி. எம் மவ பிள்ளைக்குப் பால் கலக்க சுசீந்திரத்துல இருந்து தண்ணி கொண்டு போறேன். மீனுக்கு வழி கேக்கிய, எங்களுக்கு என்ன வழி?" என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது நிஜம்தானே.

நோட்டுகளைப் பதினைந்து நாளில் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கலாமா? நீ அணை கட்டுகிற அந்த இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் இருப்பவன். உன்னைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

அக்கா


மதுரை
29.1.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இனி இந்த விஷயத்துக்குப் போன் வேண்டாம், வாட்ஸ்ஆப்பும் வேண்டாம். உன் குரல் பக்கத்து மேஜை வரை கேட்கிறது.

நோட்டுகளைக் கொடு. ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. கொடுத்ததற்கு ரசீது வாங்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்தபோது, மறுநாள் காலை படித்துறையில் வைத்து உன்னிடம் வாய்தவறிச் சொன்னேன். அணையின் முதல் படத்தை வரைந்தது நான். இடது கரையை ஒட்டி மூன்றடி அகலத்தில், படிப்படியாக மீன் ஏறும் வழி ஒன்றை அதில் வரைந்திருந்தேன். எனக்குத் தோன்றி வரைந்ததில்லை, விதியில் இருக்கிறது. மேலே போய்த் திரும்பி வந்த படத்தில் அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு. ஏன் என்று நான் கேட்கவில்லை. வரைவாளர் கேட்கமாட்டான். கோடு போட்ட இடத்தை அழித்துவிட்டு மறுபடி வரைவான். வரைந்தேன்.

அது வெளியே தெரியக்கூடாத காகிதம். பொங்கலன்று நீ, "இதைக் கூட்டத்தில் வந்து சொல்லு" என்றாய். எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. என் மகள் ஆதிராவுக்கு இப்போதுதான் கல்யாணத்துக்கு ஒரு இடம் கூடி வந்திருக்கிறது. நீ கேட்டது என்னவென்று உனக்கே தெரியவில்லை, அதனால்தான் வைத்தேன்.

குமாரதாஸ் சொன்னதில் தப்பில்லை. அங்கே அணை வேண்டும். வழி விட்டும் கட்டலாம், அதுவும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு சும்மா இருப்பதுதான் என் வேலை.

படித்ததும் இதைக் கிழித்துப்போடு.

கிருஷ்ணன்


ஆற்றங்கரைத் தெரு
8.2.2025

தம்பிக்கு,

நோட்டுகளை வியாழக்கிழமை கொடுத்தாயிற்று. ஜெராக்ஸ் செல்லாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் சான்றொப்பம் வேண்டும் என்றார்கள். அசலையே கொடுத்தேன். எபிசன் சார், "பழைய பதினெட்டு போதும்மா, இந்த வருசத்து நோட்டு பாதிதானே ஆயிருக்கு, கையில இருக்கட்டும்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்தொன்பது இருக்கிறது என்று நாற்பத்திரண்டு பேர் நடுவில் சொல்லிவிட்டுப் பதினெட்டைக் கொடுத்தால், அந்த ஒன்றில் என்ன ஒளித்தாள் என்று கேட்கமாட்டார்களா? 1182 முதல் 1200 வரை ஒரு தாள் கிழிக்காமல் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன். ரசீது வாங்கியிருக்கிறேன்.

எபிசன் சார் அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தார். முதல் இரண்டு வருஷம் எனக்கு மீன் பெயரே தெரியாது. மீசைக்காரன், வெள்ளிப்பாளம் என்று வாயில் வந்ததை எழுதிவைத்திருக்கிறேன். பிறகு கூடை கழுவ வருகிற பூங்கனியிடம் கேட்டுக் கேட்டு, மீசைக்காரன் கெளுத்தி, வெள்ளிப்பாளம் மடவை என்று பக்கத்து ஓரத்தில் திருத்தியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "திருத்தின பொறவும் பழச அடிக்காம வச்சிருக்கியளேம்மா, இதுக்குத்தான் மதிப்பு" என்றார்.

ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களை எடுத்து அதிகாரிக்கே காட்டினார். வெள்ளம் வடிகிற நாளில், தையல் நூல் அளவுக்கு விலாங்குக் குஞ்சுகள் ஈரப் படிக்கல்லில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். இதை நான் பதினேழு வருஷம் பார்த்து எழுதியிருக்கிறேன், இரண்டு வருஷம் மட்டும் காணவில்லை. விலாங்கு கடலில் போய்த்தான் குஞ்சு பொரிக்கும், குஞ்சு ஏறிவந்து ஆற்றில் வளரும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். "பார்க்கிறோம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு, வருகிற வழியில் தாணுமாலயன் சன்னதியில் நெய்விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

குமாரதாஸின் பெண்சாதி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர்கள் வீட்டுக் கிணற்றில் இருந்து நானே ஒரு செம்பு கோரிக் குடித்துப் பார்த்தேன். தொண்டை காந்துகிறது. வழி வைத்துக் கட்டினால் உங்களுக்கும் தண்ணீர் இனிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். எனக்கு எதையும் கிழித்துப் பழக்கமில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

அக்கா


மதுரை
3.3.2025

அக்கா,

இன்று எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். பதினேழு பி. வேலையே போகக்கூடிய பிரிவு. கூடவே ஒரு தாளின் நகலை இணைத்திருக்கிறார்கள். உன் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

"1200 ஐப்பசி 16. படித்துறையில் இருந்தவர்: நான், தம்பி ஆனந்தகிருஷ்ணன். தண்ணீர் நாலாம் படி. கெண்டை நிறைய, மடவை பன்னிரண்டு, விலாங்குக் குஞ்சு எண்ண முடியவில்லை. தம்பி சொன்னது: அணைப் படத்தில் மீனுக்கு வழி வரைந்து கொடுத்தானாம், மேலே சிவப்பு மையால் அடித்துவிட்டார்களாம். இதுகள் ஏறுவதைப் பார்த்து அவன் கண் கலங்கினான்."

அலுவலக ரகசியத்தை வெளியாளிடம் சொன்னது, அரசுத் திட்டத்துக்கு எதிராகத் தூண்டியது என்று இரண்டு குற்றச்சாட்டு.

மீன் நோட்டில் என்னை ஏன் எழுதினாய்? கண் கலங்கினதை எதற்கு எழுதினாய்? மெமோவை நீட்டியவன் அந்த வரியைத்தான் சத்தம்போட்டு வாசித்தான். "என்ன சார், விலாங்குக்கு அழுதீங்களாமே" என்று கேன்டீனில் கேட்கிறார்கள்.

உன்னிடம் சொன்னதே தப்பு. தயவுசெய்து எழுதாதே. இங்கே வரவும் வேண்டாம்.

ஆனந்தகிருஷ்ணன்


ஆற்றங்கரைத் தெரு
10.3.2025

தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இந்த ஒன்றை மட்டும் வாசி.

கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தையும் பார்த்தேன். என் கண் மீன் எண்ணிக்கையில்தான் போனது. படித்துறையில் இருந்தவர் பெயரும் அவர்கள் சொன்னதும் எப்போதும் எழுதுவதுதான். பூங்கனி அவள் புருஷனைத் திட்டினது கூட அதில் இருக்கும். உன் பெயர் அங்கே இருந்தது என் கண்ணுக்கு ஒரு ஆபத்தாகவே தெரியவில்லை. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். ரசீதைக் காட்டி, கடைசி நோட்டை மட்டும் திருப்பித் தாருங்கள் என்றேன். "அது இப்ப சர்க்கார் ரெக்கார்டும்மா, நீங்க கேட்டாலும் தர முடியாது, நாங்க நெனச்சாலும் தர முடியாது" என்றான் கிளார்க். நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனான், மூன்று மணிக்கு வந்தான். அப்போதும் நின்றேன். "எம்மா, வீட்டுக்குப் போங்க, என்னயப் பாத்தா ஒங்களுக்கே பாவமாத் தெரியலியா?" என்றான். பெரியவரைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வாரமாகிறதாம்.

ஆற்றில் வேலை தொடங்கிவிட்டார்கள். சுவர் கட்ட வசதியாகக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பூங்கனி வந்து சொன்னாள்: "எக்கா, மூட்டைக்கு அந்தப் பக்கம் மடவை வந்து முட்டிக்கிட்டு நிக்கி. பயலுவ கையாலே அள்ளுதானுவ. நானே நாலு கூடை வாங்கி வித்துட்டேன், பொய் சொல்ல மாட்டேன்." அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் விற்காவிட்டால் வேறொருத்தி விற்பாள்.

தினமும் குளிக்கப் போகிறேன். சோறு போடுகிறேன். மேலே இருக்கிற கெண்டை மட்டும் வருகிறது. எழுத நோட்டு இல்லை, புதிது வாங்கவும் மனம் வரவில்லை.

என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? ஆதிரா காரியம் என்ன ஆயிற்று?

அக்கா


மதுரை
21.4.2025

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஆதிரா விஷயம் நின்றிருக்கிறது. முறிந்துவிடவில்லை. விசாரணை முடியட்டும் என்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் ஒன்றும் கேட்பதில்லை. "அத்தைக்குப் போன் பண்ணட்டுமா அப்பா" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

மே 19 திங்கட்கிழமை விசாரணை. எனக்கு எதிராக அவர்களிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். சிவப்பு மை போட்ட படம் இப்போது கோப்பில் இல்லை. எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நான் சொன்னேன் என்பதற்குச் சாட்சி நீ ஒருத்திதான். உனக்கும் அழைப்பு வரும்.

எங்கள் ஊழியர் சங்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். எழுதினவர் தனியாக இருக்கிற வயதான அம்மா, கேட்டது கேளாதது எல்லாம் சேர்த்து மனதில் தோன்றியதை எழுதுவது வழக்கம், தம்பி அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவரே சொல்லிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். "ஒங்க அக்காதான சார், சொல்ல மாட்டாங்களா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதை உன்னிடம் கேட்கமாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். தேதியை மட்டும் எழுதலாம் என்று எழுதுகிறேன்.

போன கடிதத்தில் கேன்டீன் பேச்சையெல்லாம் எழுதியிருக்க வேண்டாம். கண் கலங்கினது உண்மைதான். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. படத்தில் அந்த வழியை வரையும்போது ஒரு மீன் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

கிருஷ்ணன்


ஆற்றங்கரைத் தெரு
9.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

அழைப்பு முந்தாநாள் வந்தது. 19ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு மதுரையில் நான் ஆஜராக வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எபிசன் சார் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். மீன் வழி இல்லாமல் சுவரை எழுப்பக்கூடாது என்று தடை கேட்டிருக்கிறார். 21ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. அதில் வைத்திருக்கிற ஆதாரம் அலுவலகத்தில் இருக்கிற என் பத்தொன்பது நோட்டும்தான், வேறில்லை. மீன் ஏறுகிறது என்று இந்த ஆற்றைப் பற்றி வேறு யாரும் எழுதிவைக்கவில்லையாம். அழைப்பை அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அம்மா, ஒரு பக்கம் பொய்யின்னு நீங்களே சொல்லிட்டா, மத்த பக்கத்த எதிர்த்தரப்பு வக்கீல் கேக்காம விடுவாரா? அந்தம்மா தோணினத எழுதுறவங்கன்னு ஒங்க வாயாலயே வாங்கிட்டாங்கன்னா, வெலாங்கும் தோணினதுதான்னு ஆயிடும்" என்றார். தம்பி வேலை போய்விடுமே என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கு அதைச் சொல்ல அதிகாரம் இல்ல" என்று எழுந்து போய்விட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் குமாரதாஸ் வந்தான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் வீட்டு நடையேறினான். "எக்கா, நான் அணைக்காரன்தான். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டிய. இருந்தாலும் சொல்லுகேன். கிருஷ்ணனும் நானும் ஒண்ணாப் படிச்சவனுவ. கூடப்பொறந்தவன விட்டுட்டு மீனப் புடிச்சிக்கிட்டு நிக்கப்பிடாது. அந்தப் பேப்பரு பொய்யின்னு சொல்லிப்போடுங்க" என்றான். அவனுக்கு அதில் லாபம் உண்டு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவன் கண்ணைப் பார்த்தேன், லாபத்துக்காக மட்டும் வந்தவனாகத் தெரியவில்லை. போகும்போது, "வழி வச்சுக் கட்டுனாலும் எனக்கொண்ணும் இல்லக்கா. எவன் நம்மகிட்ட கேட்டான்?" என்றான்.

எட்டு நாளாக விடியற்காலை சன்னதியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்கு ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரி என்று தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால் உன் முப்பத்திரண்டு வருஷமும் ஆதிரா காரியமும் என் கையால் போய்விடும். பொய் என்று சொன்னால், பத்தொன்பது வருஷமாக அந்தப் படியில் நான் பார்த்தது எல்லாம் ஒரு தனியம்மாவின் நினைப்பு என்று ஆகிவிடும், சுவரும் எழும்பிவிடும். சாட்சிக்குப் போகாமல் இருக்கலாமா என்றும் யோசித்தேன். போகாவிட்டால் அந்தத் தாள் அப்படியே நிற்கும், அது உனக்கு எதிராகத்தான்.

பொய் சொல்ல எனக்குத் தெரியாது என்று நீ நினைக்கிறாய். அப்படியில்லை. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அவரிடம் இருபத்தாறு நாள் சொன்னேன். எனக்கு வரும்.

கேட்கமாட்டேன் என்று எழுதினாய். கேட்காமல் தேதியை எழுதினாய், அந்தச் சங்கத்துக்காரர் சொன்ன வாசகத்தை ஒன்றுவிடாமல் எழுதினாய். அது கேட்டதாகவும் ஆகாது, கேட்காததாகவும் ஆகாது, கிருஷ்ணா. நானாகப் பொய் சொல்லிவிட்டு, பிறகு நீ, "நான் கேட்கவில்லையே அக்கா" என்று இருந்துவிட்டால் அந்தப் பாரத்தை நான் யாரிடம் இறக்குவேன்? உண்மையைச் சொல்லிவிட்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அதனால் கேள். பொய் சொல்லு அக்கா என்று உன் கையால் ஒரு வரி எழுது, நான் மதுரைக்கு வந்து சொல்கிறேன். உள்ளதைச் சொல்லு என்று எழுது, அதையும் சொல்கிறேன். இரண்டில் எதை எழுதினாலும் உன்னைக் குறையாக நினைக்கமாட்டேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபிறகு என் வாயில் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. பதினேழு சனிக்கிழமைக்குள் இங்கே கிடைக்கும்படி, சீக்கிரம் பதில் போடு.

அக்கா
அழகியநாயகி